முதுகைத் தாங்கும் கயிறுகள்

நள்ளிரவு கழிந்து இரண்டு மணி இருக்கும். மாத்தளை நகரம் ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்கிறது. ஆனால் அதே மாவட்டத்தின் வடபாகத்திலுள்ள தம்புள்ளைக்கு அது நடுப்பகல் போன்ற நேரம். விசேட பொருளாதார மத்திய நிலையத்தின் முன்றலில் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. நுவரெலியாவின் கரட்டும் கோவாவும், யாழ்ப்பாணத்தின் வெங்காயமும், அயற்கிராமங்களின் பூசணியும் மிளகாயும் குன்றுகுன்றாகக் குவிகின்றன. மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் குறுக்கும் நெடுக்குமாக விரைகிறார்கள்.

மலைநாட்டிலிருந்து கண்டி, மாத்தளை, நாவுல வழியாக வந்த லொறியொன்று அங்கே வந்து நிற்கிறது. சாரதி கீழே இறங்குகிறார். பல மணி நேரம் ஆசனத்தில் அமர்ந்தபடியே குலுங்கி வந்தவர் அவர். கால்கள் தரையில் ஊன்றி நின்றாலும், உடம்பு இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போன்ற ஓர் உணர்வு. "அண்ணே, சீக்கிரம் இறக்குங்கள், விலை விழுந்துவிடும்!" என்று யாரோ அவசரப்படுத்துகிறார். நாட்டாமைகள் ஒருவரும் கைக்கு அகப்படவில்லை. சாரதி தாமே குனிந்து ஒரு மூட்டையைப் பற்றி இழுக்கிறார். அவ்வளவுதான்! இடுப்பிலே சுரீரென்று ஒரு வலி. நிமிர முடியவில்லை.

இது ஒரு தனி மனிதரின் கதையன்று. ஊரும் பேரும் மாறி, எத்தனையோ குடும்பங்களில் நிகழ்ந்துவரும் கதை இது. ஆயினும் இதில் நின்று சிந்திக்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சாரதி அதற்கு முன் ஆயிரம் மூட்டைகளைத் தூக்கியிருப்பார். அதைவிடப் பாரமானவற்றையும் தூக்கியிருப்பார். அப்போதெல்லாம் சளைக்காத முதுகு, அந்த ஒரு மூட்டைக்கு மட்டும் ஏன் தோற்றுப்போயிற்று?

"எலும்பு தேய்ந்துவிட்டது" என்பர் சிலர். "வாயு பிடித்துக்கொண்டது" என்பர் வேறு சிலர். "வயது போய்விட்டது, வேறென்ன?" என்று பெருமூச்சு விடுவோரும் உளர். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் கண்டறிந்து வந்துள்ள விடையொன்று, இவை மூன்றிலிருந்தும் வேறானது. உழைத்து வாழும் ஒவ்வொரு குடும்பமும் அதனை அறிந்திருத்தல் நன்று.

தனித்து நில்லாத தண்டு

நமது முதுகெலும்பு, பிறக்கும்போது 33 சிறு எலும்புகளின் கோவையாக அமைந்துள்ளது. வளர்ந்தபின் அடிப்பகுதியில் உள்ள ஒன்பதும் ஒன்றோடொன்று கூடி இரண்டாகிவிடுகின்றன. மேலுள்ள 24 எலும்புகளும் தனித்தனியே அசையும் தன்மையோடு, இடையிடையே மெத்தை போன்ற வட்டுக்களைக் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. "தண்டு" என்று நாம் அதற்கு இட்ட பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. தண்டு என்றதும் தனித்து நிற்கும் தூண் ஒன்று நம் மனக்கண்ணில் தோன்றுகிறதல்லவா? உண்மை அதுவன்று.

1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இறந்தோர் உடலிலிருந்து பெற்ற இடுப்புப் பகுதி முதுகெலும்பை, தசைகளை முற்றாக நீக்கி, எலும்பும் வட்டும் இணைப்பு நார்களும் மட்டும் எஞ்சும்படி செய்து, அதன்மேல் சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றினார்கள். சுமார் 9 கிலோ பாரத்திலேயே அது வளைந்து சரிந்துவிட்டது! உயிருள்ள மனிதனின் தலையும் தோளும் கைகளும் மார்பும் சேர்ந்து எத்தனை மடங்கு பாரம்! அவை அனைத்தையும் அந்த இடுப்பெலும்புதானே தாங்குகிறது? அதன்மேல் ஒரு மூட்டையும் ஏறினால்?

ஆகவே முதுகெலும்பைத் தூண் என்று கொள்வதைக் காட்டிலும், திருவிழாப் பந்தலின் முன் நாட்டும் நெடிய மூங்கிற் கம்பம் என்று கொள்வதே பொருந்தும். அந்தக் கம்பம் தானாக நிற்பதில்லை. நாற்புறமும் கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றையும் ஒருவர் பிடித்திருக்கிறார். காற்று ஒரு பக்கம் சாய்த்தால், எதிர்ப்பக்கத்தில் உள்ளவர் சற்றே இழுக்கிறார். அந்தப் பக்கத்தில் உள்ளவர் சற்றே விட்டுக்கொடுக்கிறார். கம்பம் நேராக நிற்கிறது. நம் உடம்பிலே கம்பம் எலும்பு, கயிறுகள் தசைகள். கயிறு பிடித்தோர்க்கெல்லாம் "இழு, விடு" என்று சைகை காட்டும் தலைவன் மூளை.

அதே 1992ஆம் ஆண்டில், அதே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோகர் பஞ்சாபி என்னும் அறிஞர் இக்கருத்தை ஒரு கொள்கையாக வகுத்துத் தந்தார். முதுகின் உறுதி மூன்று பகுதிகளின் கூட்டுறவினால் விளைவது என்றார் அவர். எலும்பும் வட்டும் இணைப்பு நார்களும் ஒரு பகுதி. தசைகள் மற்றொரு பகுதி. உடலின் நிலையை உணர்ந்து தசைகளை ஏவும் நரம்பு மண்டலம் மூன்றாவது பகுதி. ஒன்று தளர்ந்தால் ஏனைய இரண்டும் ஓரளவு ஈடுசெய்யும். ஈடுசெய்ய முடியாத எல்லையை எட்டும்போதே இடர் விளைகிறது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். நேராக நின்று, இடக்கை விரல்களை இடுப்பின் பின்புறத்தில், முதுகெலும்பை ஒட்டினாற்போல் அழுத்தி வையுங்கள். இப்போது வலக்கையைச் சட்டென்று முன்னோக்கி உயர்த்துங்கள். உயர்ந்தது கை; ஆனால் இறுகியது இடுப்புத் தசையன்றோ! கை முன்னே நீண்டால் உடல் சாயுமென்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் கையை ஏவும் அதே கணத்தில் கயிறுகளையும் இழுத்துப் பிடிக்கிறது.

1996இல் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஹொட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்னும் இருவர் இதனை நுண்ணிய கருவிகளால் அளந்தார்கள். வயிற்றைச் சுற்றிக் கச்சை கட்டினாற்போல் உள்ளே கிடக்கும் தசையொன்று உண்டு. முதுகுவலி இல்லாதவர்களிடத்தில், கையை உயர்த்தும் தசை இயங்குவதற்கு முன்னரே அது இறுகிவிட்டது. முதுகுவலியால் துன்புற்று வந்தவர்களிடத்திலோ அது காலந்தாழ்த்தியே இறுகியது. தாமதம் நொடியில் ஒரு சிறு பின்னமே. ஆயினும் கம்பம் சாயத் தொடங்கியபின் கயிற்றை இழுப்பதற்கும், சாயுமுன் இழுப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

களைத்த கைகள்

இனி அந்தக் கயிறு பிடித்தவர்களைச் சற்று நோக்குவோம். காலை முதல் மாலை வரை ஓய்வின்றிப் பிடித்து நின்றால் அவர்கள் என்ன ஆவார்கள்? கைகள் சோரும். சோர்ந்த கை பலத்தை இழக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அது உணர்வையும் இழக்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. இதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி.

நம் தசைகளினுள்ளே நூல் நூற்கும் கதிரைப் போன்ற வடிவில் மிக நுண்ணிய உறுப்புக்கள் பரவியிருக்கின்றன. தசைக்கதிர் என்பது அவற்றின் பெயர். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை அவை இடையறாது மூளைக்கு அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் முதுகு வளைந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று நமக்குத் தெரிவதற்கு அவையே முதற்காரணம்.

1999இல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மிக மெதுவாகத் திரும்பும் ஓர் இருக்கையில் ஆட்களை அமர்த்தி, "இடுப்பு திரும்புகிறது என்று உணர்ந்த கணமே சொல்லுங்கள்" என்றார்கள். பின்னர் முதுகுத் தசைகள் களைக்கும்வரை வேலை கொடுத்து, மீண்டும் அதே சோதனையை நடத்தினார்கள். களைத்தபின், திருப்பத்தை உணர்வதற்கு முன்னிலும் கூடுதலான அசைவு வேண்டியிருந்தது. முதுகுவலி உடையவர்களோ களைப்பதற்கு முன்னரே ஏனையோரிலும் பின்தங்கி நின்றார்கள்.

தசையின் தாங்குசக்திக்கும் முதுகுவலிக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. டென்மார்க் நாட்டு வைத்தியர் பியரிங் சோரன்சன், 900க்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பரிசோதித்து, 1984இல் தம் முடிவை வெளியிட்டார். குப்புறப் படுக்க வைத்து, கால்களையும் இடுப்பையும் மேசையோடு கட்டி, உடலின் மேற்பாதியை அந்தரத்தில் கிடையாகப் பிடித்திருக்கச் செய்தார். 240 செக்கன்கள் தாங்கினால் போதும் என்பது அவர் வைத்த எல்லை. அடுத்த ஓராண்டு அவர்களைக் கவனித்து வந்தபோது, ஆண்களைப் பொறுத்தவரையில், நீண்ட நேரம் தாங்கியவர்கள் புதிதாக முதுகுவலிக்கு ஆளாவது குறைந்திருந்தது. ஒரே தடவையில் பெரும்பாரத்தைத் தூக்கும் பலத்திலும், நெடுநேரம் தளராமல் தாங்கும் சக்தி முதுகுக்கு முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

இரத்தோட்டை, எல்கடுவப் பக்கத்து மலைச்சரிவுகளிலே கொழுந்து பறிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலைப் பனி கலையுமுன் மலையில் ஏறுகிறாள். கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில், ஒரு கால் மேட்டில், மறுகால் பள்ளத்தில். செடியின்மேல் சற்றே முன்சாய்ந்து, கைகள் ஆயிரக்கணக்கான தடவை நீண்டு மீள்கின்றன. கை நீளுந்தோறும் இடுப்புத் தசை இறுக வேண்டும் என்பதைச் சற்று முன் கண்டோமல்லவா? இடையில் நிறுவை நேரங்களில்தான் கூடை காலியாகிறது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவிலான கொழுந்து எதிர்பார்க்கப்படுகிறது. குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற கவலை வேறு. மாலையில், நிறைந்த கூடையோடு வழுக்கும் சரிவிலே மடுவத்தை நோக்கி இறங்குகிறாளே, அப்போதுதான் அவள் முதுகின் கயிறு பிடித்தவர்கள் மிகவும் களைத்து, தம் உணர்விலும் குன்றியிருக்கிறார்கள். கல் ஒன்று இடறினால், சமாளிக்க வேண்டிய கணம் தவறிப்போகிறது. வீடு திரும்பிய பின்னும் தண்ணீர்க் குடமும் கைக்குழந்தையும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. முதுகுவலி ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைக் கேட்டு, நம் மலைநாட்டுத் தாய்மார் வியப்படைய மாட்டார்கள்.

அதிர்வு செய்யும் மாயம்

களைப்பு ஒரு பகை என்றால், அதிர்வு மற்றொரு பகை.

ஊஞ்சலில் ஆடும் குழந்தையை நாம் எப்போது தள்ளுகிறோம்? அது திரும்பி வரும் கணத்திற்கு இயைய, தாளம் தவறாமல் தள்ளுகிறோம். அப்போது சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி அதற்கே உரிய தாளம் ஒன்று உண்டு. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மனித முதுகின் தாளம், நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 அதிர்வுகள். கரடுமுரடான பாதையில் ஓடும் லொறி, பஸ் வண்டி, உழவு யந்திரம் ஆகியவற்றின் குலுக்கலில் பெரும்பகுதி இந்த எல்லையை ஒட்டியே அமைந்துவிடுகிறது. என்ன பொருத்தம் பாருங்கள்! வண்டியின் ஆட்டம் முதுகிலே பெருகி ஒலிக்கிறது. நொடிதோறும் நாலைந்து முறை முதுகு மேலெழுந்து கீழிறங்க, தசைகள் ஓயாது இறுகித் தளர்கின்றன. சாரதி சும்மா அமர்ந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அவர் முதுகோ உழைத்துக்கொண்டே இருக்கிறது.

அதிர்வு தசையைக் களைக்கச் செய்வதோடு நிற்பதில்லை, தசைக்கதிர்களையும் ஏமாற்றிவிடுகிறது. 1972ஆம் ஆண்டில் குட்வின், மக்லொஸ்கி, மத்தியூஸ் என்னும் மூன்று விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் புகழ்பெற்றது. கண்ணைக் கட்டிய ஒருவரின் புயத்துத் தசைநாரின்மேல், நொடிக்கு 100 தடவை அளவில் அதிரும் சிறு கருவியொன்றை வைத்தார்கள். அவரது கை இருக்கும் நிலை வேறாக இருக்க, முழங்கை நீள்வதாகவே அவருக்குத் தோன்றியது. "அந்தக் கை இருக்கும் நிலையை மற்றக் கையால் காட்டுங்கள்" என்றபோது, 40 பாகை வரையிற்கூடப் பிழைபடக் காட்டினார்! அதிர்வினால் தூண்டப்பட்ட தசைக்கதிர்கள் "தசை நீள்கிறது, நீள்கிறது" என்று பொய்ச் செய்தி அனுப்ப, மூளை அதை மெய்யென்று நம்பிவிட்டது.

முதுகிலும் இதே மாயம் நிகழ்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிருமாஞ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் ஆய்ந்தோரும் 2000ஆம் ஆண்டில் இதனைக் காட்டினார்கள். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் அமைந்த மல்ட்டிபிடஸ் என்னும் தசையில் அதிர்வு கொடுத்தபோது, நலமுள்ளவர்களின் இடுப்பு நிலை பற்றிய உணர்வு பிழைத்துப்போயிற்று. முதுகுவலி உடையவர்களுக்கோ அதிர்வு இல்லாதபோதே அவ்வுணர்வு குன்றியிருந்தது. அதிர்வு கொடுத்தும் அது மேலும் மாறவில்லை. அத்தசையிலிருந்து வரும் செய்தியை அவர்கள் முன்பே சரிவரப் பயன்படுத்தாதிருந்தார்கள் போலும்!

இவை தசையின்மேல் நேரே வைத்த கருவியின் விளைவுகள். வண்டியாசனத்தின் குலுக்கல் வேறு வகையானது. அதன் விளைவையும் சோதித்திருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் வெளியான ஆய்வொன்றில், அரை மணி நேரம் அதிரும் ஆசனத்தில் இருந்தவர்களை, ஆடும் இருக்கையொன்றில் சமநிலை பேணும்படி பணித்தார்கள். அதிர்வுக்கு முன் இருந்ததைவிட அவர்களின் உடல் கூடுதலாகத் தள்ளாடியது. அரை மணி நேரத்திற்கே இந்த நிலை. கண்டியிலிருந்து தம்புள்ளை மட்டுமே சுமார் 72 கிலோமீற்றர். நுவரெலியாவிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வருபவருக்கு அது பயணத்தின் ஒரு பகுதியே அல்லவா?

அந்த ஒரு மூட்டை

இப்போது நம் முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த மூட்டை ஏனைய மூட்டைகளிலும் பாரமானதன்று. அது வந்த நேரம்தான் பொல்லாதது. இரவெல்லாம் உறக்கமில்லை, தசைகள் களைத்துள்ளன, தசைக்கதிர்களின் செய்தி குழம்பியுள்ளது, நெடுநேரம் அமர்ந்திருந்ததால் முதுகின் இணைப்பு நார்களும் சற்று நெகிழ்ந்துள்ளன. பஞ்சாபி கூறிய மூன்று பகுதிகளும் ஒருங்கே தளர்ந்து நிற்கும் வேளை அது. கம்பம் உறுதியாகத்தான் இருக்கிறது, கயிறும் அறுந்துவிடவில்லை. பிடித்தவர்களுக்கு மட்டும் கம்பம் எப்பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் வழக்கமான பாரமும் வழக்கத்திற்கு மாறான பாரமாகிவிடுகிறது.

முதுகுவலிக்கெல்லாம் இதுவே காரணம் என்று கூறிவிடலாகாது. வலியுற்றோரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடத்தில், இன்ன உறுப்பின் பழுது என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை. மனக்கவலை, உறக்கக் குறைவு, வேலையில் நிம்மதியின்மை ஆகியனவும் வலியை வளர்க்கின்றன. ஆயினும் களைப்பும் அதிர்வும் நம் கையால் மாற்றத்தக்கவை. ஆகையால் அவற்றை அறிவதில் பயன் உண்டு.

வலி போனபின்னும்

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். முதன்முறை இடுப்புப் பிடித்த பலருக்கு, சில வாரங்களில் வலி தானே தணிந்துவிடுகிறது. "சுகமாகிவிட்டது" என்று அவர்கள் பழையபடி வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் 1996இல் ஜூலி ஹைட்ஸ் முதலிய அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், வலி நீங்கிய பின்னும் மல்ட்டிபிடஸ் தசை தன் பழைய பருமனுக்குத் தானாக மீள்வதில்லை என்று கண்டார்கள். அதற்கெனப் பயிற்சி செய்தவர்களிடத்தில் அது மீண்டது. வலி போனதென்றால் மணி அடிப்பது நின்றது என்றுதான் பொருள். கயிறு பிடித்தவன் தன் இடத்திற்குத் திரும்பிவிட்டான் என்று பொருளன்று. ஒருமுறை வந்த முதுகுவலி மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்பு வலியால் துன்புற்றனர். 2050இல் இத்தொகை 84 கோடியைத் தாண்டுமென மதிப்பிடப்பட்டுள்ளது. நாட்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளிக்கு விளக்கம் அளித்தலையும் உடற்பயிற்சியையும் முன்வைக்கிறது. இடுப்புப் பட்டி கட்டுவதையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கைக்கொள்ள வேண்டாம் என்கிறது. நாட்கணக்கில் படுக்கையில் கிடப்பதும் நன்மை தருவதில்லை. வேலை செய்யாத கயிறு பிடிப்போன் தன் வேலையையே மறந்துவிடுவான் அல்லவா?

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் அறிந்தபின், செலவில்லாமல் கைக்கொள்ளத்தக்க வழிகள் சில உண்டு.

வண்டியிலிருந்து இறங்கியவுடன் பாரம் தூக்கலாகாது. தொழிற்சுகாதார அறிஞர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் அறிவுரை இது. லொறிச் சாரதியாயினும், முச்சக்கர வண்டி ஓட்டுபவராயினும், வயலில் உழவு யந்திரம் செலுத்துபவராயினும், கொழும்பிலிருந்து பஸ் வண்டியில் வந்திறங்கிப் பெட்டியைத் தூக்கும் பிரயாணியாயினும், முதலில் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். ஒரு கோப்பை தேநீர் அருந்தும் நேரம் நடந்தாலும் நன்று. குழம்பிய செய்திகள் தெளிய அந்த இடைவேளை உதவும். புல் வெட்டும் யந்திரத்தைத் தோளில் மாட்டி வேலை செய்தவருக்கும் இது பொருந்தும்.

வண்டியின் ஆசனத்தையும் வில்லையும் பழுதின்றி வைத்திருத்தல், சக்கரத்தின் காற்றை அளவாக வைத்தல், மோசமான பாதையில் வேகத்தைக் குறைத்தல் ஆகியன அதிர்வைத் தணிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே, தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேர வேலைநாளில் ஏற்கத்தக்க அதிர்வுக்கு எல்லை வகுத்துச் சட்டம் செய்தது. அதிர்வைத் தொழிலாளியின் தலைவிதியாகக் கருதாமல், முதலாளியின் பொறுப்பாகக் கருதும் நோக்கு அதில் அடங்கியிருக்கிறது.

சுமையின் அளவும் பொருட்டானது. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. பெரிய மூட்டை ஒன்றைக் காட்டிலும் சிறிய மூட்டை இரண்டு நல்லவை. தோட்டங்களிலும் கூடை நிரம்பி வழியுமுன் கொழுந்தை நிறுத்து இறக்குவதற்கு வாய்ப்பளித்தால், பறிப்பவரின் தசைகள் இடையிடையே இளைப்பாறும்.

வீட்டிலும் சில பழக்கங்கள் வேண்டும். நாள்தோறும் நடத்தல், முதுகையும் வயிற்றையும் பலப்படுத்தும் எளிய பயிற்சிகள் ஆகியவற்றை இயன்முறை வைத்தியரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டால், பின்னர் வாழ்நாள் முழுதும் செய்யலாம். மாணவர்கள் மேசைமுன் மணிக்கணக்கில் அசையாதிருந்து படிப்பதை விட்டு, அவ்வப்போது எழுந்து நடத்தல் நலம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. முதுகுவலியோடு காலில் பலக்குறைவு, தொடையிடுக்கில் மரத்த உணர்ச்சி, மலசலத்தை அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டாலோ, உயரத்திலிருந்து விழுந்தபின் வலி கண்டாலோ, தைலம் பூசிக்கொண்டு காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பத்து நிமிடத்தின் விலை

மீண்டும் தம்புள்ளைச் சந்தைக்கு வருவோம். லொறி வந்து நிற்கிறது. சாரதி இறங்குகிறார். இப்போது அவரை அவசரப்படுத்தும் அந்தக் குரலுக்கு உரியவரிடம் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். பத்து நிமிடத்தில் வெங்காயத்தின் விலை சில ரூபாய் விழக்கூடும். அது நாளை மீண்டும் ஏறும். அந்த மனிதரின் முதுகு விழுந்தால், ஒரு குடும்பத்தின் அடுப்பு மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும். இறங்கியவுடன் மூட்டையைத் தொடாமல் நடந்து திரியும் சாரதியைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். சரிவில் கூடையை இறக்கி வைத்து ஒரு கணம் நிமிர்ந்து நிற்கும் பெண்ணை நோக்கிக் குரல் உயர்த்தாதீர்கள். தங்கள் முதுகைத் தாங்கும் கயிறுகளுக்கு அவர்கள் மூச்சுவிட நேரம் கொடுக்கிறார்கள்.

கம்பம் சாய்ந்தபின் கம்பத்தைக் குறை கூறுவது உலக வழக்கம். கயிறு பிடித்து நின்றவர்களுக்கு இளைப்பாற இடம் கொடுத்தோமா என்று சாயுமுன் கேட்பதுதான் அறிவுடைமை.